முதலில் பிரேக், பிறகு கியர்

கொச்சியில் தோப்பும்படி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மீன்பிடித் துறைமுகம் உண்டு. சாலையில் எப்போதும் வண்டிகள் நெருக்கம்.

ஒரு நாள் சாலை ஓரத்தில் ஒரு கார் நின்றது. அது ஆட்டோமேட்டிக் கார். அதில் கிளட்ச் கிடையாது. ஓட்டுநர் இந்த வண்டிக்குப் புதியவர். இன்ஜின் ஓடியது. கியர் லீவரை இழுத்தார். அது அசையவில்லை. மெக்கானிக் ஒருவர் அந்த வழியே வந்தார்.

"அண்ணே, கியர் சிக்கிக்கொண்டது!"

"பலமாக இழுக்காதே தம்பி. அது பழுது இல்லை, பூட்டு. பிரேக்கை மிதித்துப் பார்."

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். 'டிக்' என்று சத்தம் கேட்டது. லீவர் நகர்ந்தது.

நான்கு எழுத்துகள்

லீவர் பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும்.
'பி' - வண்டியை நிறுத்தி வைக்க.
'ஆர்' - பின்னால் போக.
'என்' - நியூட்ரல்.
'டி' - முன்னால் போக.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

லீவர் 'பி'யில் இருக்கும்போது ஒரு சிறிய முள் அதைத் தடுக்கிறது. பிரேக்கை மிதித்தால் ஒரு சுவிட்ச் வேலை செய்யும். மின்சாரம் பாயும். மின்காந்தம் முள்ளை விலக்கும். லீவர் நகரும்.

பூட்டு எதற்கு?

1980-களில் அமெரிக்காவில் சில கார்கள் திடீரென்று பாய்ந்தன. பலர் அடிபட்டார்கள். அரசு ஆராய்ந்தது. 1989-இல் அறிக்கை வந்தது. பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்திருந்தார்கள். கால் பிரேக்கில் இருந்தால்தான் கியர் மாறும் என்றால் இந்தத் தவறு குறையும். குழந்தை விளையாட்டாக லீவரை இழுத்தாலும் வண்டி உருளாது. 2010 செப்டம்பர் முதல் அந்த நாட்டில் 'பி' உள்ள புதிய கார்களுக்கு இந்தப் பூட்டு கட்டாயம்.

மிதித்தும் நகரவில்லையா?

பின்னால் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் அந்தச் சுவிட்ச் கெட்டிருக்கலாம். பல கார்களில் லீவர் அருகே பூட்டை விடுவிக்க ஒரு சிறு துளை இருக்கும். அதைத் தொடுமுன் கைபிரேக்கைப் போடுங்கள். பிரேக்கை மிதித்தபடி இருங்கள். பிறகு வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேக் விளக்கு இல்லாமல் சாலையில் ஓட்டுவது ஆபத்து. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது.

நினைவில் வையுங்கள்

சில ஆட்டோமேட்டிக் கார்களில் 'பி' இல்லை. அவற்றுக்குக் கைபிரேக்தான் காவல். எந்தக் காராக இருந்தாலும், இறங்கும்போது சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் காரில் தனியே விடாதீர்கள்.

விடை கூறுங்கள்

1. லீவர் ஏன் நகரவில்லை?
2. முள்ளை விலக்குவது எது?
3. 'பி' இல்லாத காரை நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்?