கட்டடமும் மனித உள்ளமும்

சந்தையிலே உரத்த குரலில் விலை பேசி நின்ற ஒருவர் அடுத்த நாழிகையிலே திருக்கோயிலினுள் நுழைகின்றார். கோபுர வாயிலைக் கடந்ததும் அவர் குரல் தாழ்கின்றது, நடை தளர்கின்றது, தோளிற் கிடந்த சால்வை அரைக்கு இறங்குகின்றது. அமைதியாயிருக்குமாறு அவருக்கு ஒருவரும் கூறிற்றிலர். பக்தியே இதற்குக் காரணம் என்பர். அது மெய்யே. ஆயினும், அதே பக்தியுடையார் அதே தெய்வத்தின் திருவுருவப்படம் மாட்டிய கடையிலே நின்று உரக்கப் பேசவும் காண்கின்றோம். ஆதலின், பக்திக்குத் துணையாகக் கல்லும் சுண்ணமும் ஏதோ ஒரு பணியைச் செய்கின்றன என்பது பெறப்படும். அப்பணி யாது என்பதைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோயிலமைப்பையே முதற்கண் நோக்குவோம். வெளிவீதி அகன்றது, வெயில் நிறைந்தது. கோபுரமோ நம்மைத் தலைநிமிர்ந்து நோக்கச் செய்கின்றது. அங்ஙனம் நோக்குமிடத்து, அறிவு உணருமுன்னரே உடல் தன் சிறுமையை உணர்ந்துவிடுகின்றது. வாயிற்படி உயர்ந்திருத்தலின், விரைந்து நடப்பவனும் ஒரு கணம் நின்று காலை உயர்த்தியே புகுதல் வேண்டும். மண்டபத்துத் தூண்கள் வரிசையாக நின்று கண்ணை ஒரே திசைக்கு நடத்துகின்றன. உள்ளே செல்லச் செல்ல இடம் சுருங்குகின்றது, கூரை தாழ்கின்றது, ஒளி குறைகின்றது. ஈற்றிலே கருப்பக்கிருகத்தின் இருளில் ஒரு தீபமும் அதன் ஒளியில் ஓர் உருவமுமே எஞ்சி நிற்கின்றன. பலவற்றில் அலைந்த கண் ஒன்றிலே நிலைபெறவே, கண்ணின் வழிச் சென்ற மனமும் ஒடுங்குகின்றது.

நம் முன்னோர் இவ்வுண்மையை இல்லங்களிலும் கையாண்டனர். யாழ்ப்பாணத்துப் பழைய மனைகளின் வாயிலிலே சங்கடப்படலை என ஒன்று இருந்தது. மேலே சிறு கூரையும் இரு மருங்கும் அமர்தற்குத் திண்ணையும் உடையது அது. வழிப்போக்கன் வீட்டாரைக் கேளாமலே அங்கு வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். வீட்டுக்காரர் ஈகையாளராயினும் உலோபியாயினும், அவர்தம் வாயில் அந்நியனுக்கு இருக்கை அளித்தது. பருத்தித்துறையிலே தெருவையே மூடி அமைந்த தெருமூடிமடம் இவ்வறத்தை ஊருக்குப் பொதுவாக்கியது. நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் ஓர் ஆசிரியனேயாம். ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குச் செல்வோர் அதன் ஓரமாகவே செல்ல வேண்டியிருத்தலின், பிணங்கி நின்ற சகோதரரும் நாளொன்றுக்குப் பன்முறை ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருத்தல் இயலாது. இன்று படலை இருந்த இடங்கள் பலவற்றில் இரும்புக் கதவும் உயர்ந்த மதிலும் நிற்கின்றன. அவற்றை எழுப்பினோர்க்குத் தக்க காரணங்கள் இருத்தல் கூடும். எனினும், மதிலுக்குப் பின்னே வளரும் பிள்ளை அயலாரை ஓசையால் அறியுமேயன்றி முகத்தால் அறியாது.

வீட்டிற்கு ஒத்தது நாட்டிற்கும் ஒக்கும் என்பதற்கு இலண்டன் நகரிலே சிறந்ததொரு சான்று உண்டு. பிரித்தானியப் பொதுச்சபை 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புனித ஸ்தேவான் சிற்றாலயத்தில் கூடத் தொடங்கியது. அவ்வாலயத்தின் ஆசனங்கள் இரு வரிசையாக எதிரெதிரே அமைந்திருந்தன. 1834இல் தீ அவ்விடத்தை அழித்த பின்னரும், புதிய மண்டபம் அதே முறையிலே கட்டப்பட்டது. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் அம்மண்டபமும் அழிந்தது. மீளக் கட்டுவது எவ்வாறு என்னும் வினா எழுந்தபொழுது, 1943 ஒக்டோபரில் வின்ஸ்ரன் சேர்ச்சில் பழைய வடிவமே வேண்டுமென வாதாடினார். கட்டடங்களை ஆக்குபவர் நாமே எனினும், பின்னர் நம்மை ஆக்குபவை அவையே என்பது அவர் கருத்து. அரைவட்ட மண்டபத்திலே ஒருவர் தமது கட்சியை விட்டுச் சிறிது சிறிதாக நகரலாம். எதிரெதிர் ஆசனங்களிலோ, கட்சி மாறுபவர் யாவரும் காண நடுநிலத்தைக் கடத்தல் வேண்டும். மண்டபம் சிறிதாயிருத்தலும் வேண்டும் என்றார். பெரு மண்டபத்திலே வெற்றாசனங்களின் நடுவே பேச்சு உயிரிழக்கும் என்பதே காரணம். அவ்வாறே கட்டப்பெற்று 1950இல் திறக்கப்பட்ட மண்டபத்திலே இன்றும் 650 உறுப்பினர்க்கு 427 இருக்கைகளே உள. 1982இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் திறக்கப்பட்டதும், ஜெப்றி பாவா அமைத்ததுமான நமது பாராளுமன்றத்திலும் ஆசனங்கள் எதிரெதிரே இருத்தலைக் காணலாம். எதிர்வரிசை எதிர்வாதத்தை வளர்க்கின்றது. அது நன்மையோ தீமையோ என்பது வேறு வினா. அது விளைவு என்பதில் ஐயமில்லை.

இவையெல்லாம் ஊகமேயன்றோ, விஞ்ஞான ஆதாரம் உண்டோ என வினவுவார்க்கு வைத்தியசாலைகளே விடை பகரும். பின்லாந்து நாட்டிலே பைமியோ என்னுமிடத்தில் 1933இல் திறக்கப்பட்ட சயரோக வைத்தியசாலையை அமைத்தவர் அல்வார் ஆல்டோ என்பவர். நாள் முழுவதும் படுத்திருப்போன் காண்பது சுவரையன்று, மேற்கூரையையே என்பதை உணர்ந்த அவர், அதற்குக் கண்ணுக்கு இதமான பச்சை வண்ணம் தீட்டுவித்தார். ஒரே அறையில் உறங்கும் மற்றவன் விழிக்காவண்ணம், நீர் ஓசையின்றி விழுமாறு கைகழுவும் தொட்டியையும் சாய்த்து அமைத்தார். பிற்காலத்திலே றொஜர் உல்றிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பென்சில்வேனியாவிலுள்ள ஒரு வைத்தியசாலையின் ஏடுகளை ஆராய்ந்து, 1984இல் தம் முடிவை வெளியிட்டார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 பேரை, வயது முதலியவற்றால் ஒத்த இருவர் இருவராக அவர் ஒப்பிட்டார். இருவருள் ஒருவரின் யன்னலுக்கு வெளியே மரங்கள் நின்றன. மற்றவரின் யன்னலுக்கு வெளியே செங்கற்சுவர் நின்றது. மரங்களைக் கண்டோர் சராசரி 7.96 நாளிலும், சுவரைக் கண்டோர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். முன்னையோர்க்குக் கடுமையான நோவடக்கி மருந்துகளும் குறைவாகவே வேண்டியிருந்தன. இருசாராரும் பெற்ற சிகிச்சை ஒன்றே. கண்ட காட்சியே வேறு.

ஆயின், எல்லாப் பழியையும் கட்டடத்தின் மேற் சுமத்துதல் தகாது. ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரிலே ஏழை மக்களுக்கென 1950களிலே 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடியாக எழுந்தன. புறூயிற்-ஐகோ என்பது அக்குடியிருப்பின் பெயர். இருபது ஆண்டு நிரம்புமுன், குற்றச்செயல் மலிந்து குடிகள் அகல, 1972இல் அரசே அதனை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. கட்டட அமைப்பே குற்றவாளி என்றனர் பலர். ஆயினும், பராமரிப்புக்குப் போதிய பணம் இன்மையும், நகரத்து மக்கட்டொகை குறைந்தமையும், கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்த கொடுமையும் அவ்வழிவுக்குக் காரணமாயின. எனினும் அவ்விடத்தை ஆராய்ந்த ஒஸ்கார் நியூமன் கண்டதொன்று நமது சிந்தனைக்குரியது. இரு குடும்பங்களுக்கு மட்டும் பொதுவாயிருந்த வாயில்முகப்பு துப்புரவாயிருந்தது. இருபது குடும்பங்களுக்குப் பொதுவாயிருந்த நடைவழி சீரழிந்து கிடந்தது. வாழ்ந்தோர் ஒரே நிலையினரே. தமது எனக் கருதத்தக்க இடத்தை அவர்கள் பேணினர். எவர்க்கும் உரியதெனத் தோன்றாத இடத்தை எவரும் பேணவில்லை. கட்டடம் மனிதனைப் பலவந்தம் செய்வதில்லை. ஒரு செயலை எளிதாக்கியும் மற்றொன்றை அரிதாக்கியும், அவனை ஒரு வழியிலே நாள்தோறும் சிறிது சாய்க்கின்றது.

நாள்தோறும் சாய்க்கப்படுதற்கு இளஞ்செடி போன்றது பிறிதில்லை. ஆதலின் இவ்வாராய்ச்சி இறுதியிலே கல்லூரியை வந்தடைகின்றது. விழாக்காலங்களிலே நினைவுக் கட்டடம் எழுப்புதல் நமது கல்லூரிகளின் வழக்கம். நீளம் எத்தனை அடி, அறை எத்தனை, செலவு எவ்வளவு என்னும் வினாக்களே அவ்வேளையிற் கேட்கப்படுகின்றன. வேறு சில வினாக்களும் கேட்கப்படல் வேண்டும் என்பது நமது விண்ணப்பம். வகுப்பறை யன்னல் காற்றை வரவேற்கின்றதா? வெளியே நோக்கும் மாணவன் மரத்தைக் காண்பானா, மதிலைக் காண்பானா? விறாந்தை நடப்பதற்கு மட்டும் உரியதா, இருவர் நின்று ஐயந்தீரப் பேசுதற்கும் இடந்தருமா? நூல்நிலையம் மாணவர் செல்லும் வழியிலுள்ளதா, தேடிச் செல்ல வேண்டிய மூலையிலுள்ளதா? ஆசிரியர் அறையின் வாயில் அஞ்சும் சிறுவனையும் அழைக்கத்தக்கதா? காலிழந்து சக்கர நாற்காலியில் வரும் மாணவன், படிகளை மட்டுமே காண்பானாயின், தன்னை இங்கு ஒருவரும் எதிர்பார்க்கவில்லை என்னும் பாடத்தையே முதற்பாடமாகக் கற்பான். சாய்தளம் ஒன்று அமைத்தற்குச் செலவாவது சில மூடை சீமெந்தே.

பழைய மாணவர் பலர், தலைநரைத்து, உயர்பதவிகளில் அமர்ந்த பின்னரும், தமது கல்லூரி மண்டபத்தினுள் நுழையும்பொழுது தம்மையறியாமலே குரலைத் தாழ்த்திக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம். அன்று அவர்களுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர் பலர் மறைந்துவிட்டனர். சுவர்களோ தம் பணியை இன்னும் செய்துகொண்டிருக்கின்றன. நாம் இனி எழுப்பும் சுவர்களும், நாம் மறைந்த பின்னர், நாம் அறியாத பிள்ளைகளுக்கு அவ்வாறே பாடஞ்சொல்லும். அப்பாடம் யாது என்பதை அடிக்கல் நாட்டுமுன்னரே தீர்மானித்தல் நமது கடனாகும்.