ஆங்கிலம் பழகுவோம்: ‘பெய்ட்’ என்றால் கட்டியாச்சு!



கடன் படிவத்தில் நாம் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பல நேரம் ‘ஐ ஹேவ் ரெட் அண்ட் அண்டர்ஸ்டுட்’ என்று ஒரு வரி இருக்கும். ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று அர்த்தம். படிக்காமலே கையெழுத்துப் போட்டால், படித்ததாக நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் முடிந்துபோன காரியத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை இந்த மாதம் பழகுவோம்.

ஆங்கில வினைச்சொல்லுக்கு மூன்று வடிவம் உண்டு. முதலாவது, செயலின் பெயர். இரண்டாவது, நடந்து முடிந்ததைச் சொல்வது. மூன்றாவது, ஹேவ், ஹேஸ், வாஸ் போன்ற சொற்களோடு சேர்ந்து வருவது.

பெரும்பாலான சொற்களுக்குக் கடைசியில் ‘இ, டி’ எழுத்துச் சேர்த்தால் போதும். வங்கி எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் கிரெடிட்டட் (வரவு வைக்கப்பட்டது), டெபிட்டட் (பற்று வைக்கப்பட்டது) அப்படித்தான். சில சொற்கள் இந்த விதிக்கு அடங்காது. நம் தமிழிலும் ‘வா’ என்பது ‘வந்தேன்’ ஆகிறது, ‘போ’ என்பது ‘போனேன்’ ஆகிறது. பேசிப் பேசித்தானே நமக்கு வந்தது? இதுவும் வரும்.

மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் சுலபம்.

1. மூன்றும் ஒன்றே:
கட் – கட் – கட் (வெட்டு)
புட் – புட் – புட் (வை)
ரீட் – ரெட் – ரெட் (படி). இதில் எழுத்து மாறாது, சத்தம் மட்டும் மாறும்.

2. பின் இரண்டும் ஒன்றே:
பே – பெய்ட் – பெய்ட் (பணம் கட்டு)
செல் – சோல்ட் – சோல்ட் (விற்பனை செய்)
அண்டர்ஸ்டாண்ட் – அண்டர்ஸ்டுட் – அண்டர்ஸ்டுட் (புரிந்துகொள்)

3. மூன்றும் வேறு:
கிவ் – கேவ் – கிவன் (கொடு)
டேக் – டுக் – டேக்கன் (எடு)
ரைட் – ரோட் – ரிட்டன் (எழுது)

ஒன்றைக் கவனியுங்கள். ரசீதில் ‘பெய்ட்’ என்றிருந்தால் பணம் கட்டியாச்சு. ‘டு பி பெய்ட்’ என்றிருந்தால் இனிமேல்தான் கட்டணும். முன்னால் வரும் இரண்டு சின்னச் சொல் கணக்கையே மாற்றிவிடும். தவணை கட்டியதும் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

புரியாத வரி இருந்தால், ‘தமிழில் சொல்லுங்க சார்’ என்று தயங்காமல் கேளுங்கள். நுண்கடன் ஒப்பந்தம், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகளே சொல்கின்றன.

பயிற்சி: அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் முதல் வடிவத்தைச் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் மற்ற இரண்டையும் சொல்லட்டும். வட்டம் சுற்றி வருவதற்குள் ஒன்பது சொல்லும் மனதில் நின்றுவிடும்!