‘மா பூமி’ திரைப்படத்தில் நிலமும் தன்மைப் பன்மையும்

முன்னுரை

1946 முதல் 1951 வரை நிகழ்ந்த தெலங்கானா உழவர் ஆயுதப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது ‘மா பூமி’ (1979) என்னும் தெலுங்குத் திரைப்படம். கிருஷண் சந்தரின் ‘ஜப் கேத் ஜாகே’ என்னும் உருதுப் புதினத்தைத் தழுவிய இப்படம், வங்காளரான கௌதம் கோஷ் இயக்கிய முதல் கதைப்படமாகும். பி. நரசிங்கராவ், ஜி. ரவீந்திரநாத் ஆகியோர் இதனைத் தயாரித்தனர். தமிழின் நாங்கள், நாம் என்னும் வேறுபாடு தெலுங்கிலும் உண்டு. ‘மா’ என்பது கேட்போரை உட்படுத்தாத தன்மைப் பன்மை. ‘மன’ என்பது உட்படுத்துவது. ஆகவே, ‘எங்கள் நிலம்’ என்னும் தலைப்பே நிலக்கிழாரை நோக்கி ‘உன்னுடையதன்று’ என்று கூறுகிறது. அந்த ‘எங்க’ளுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெட்டி என்னும் ஒடுக்குமுறை

நிசாம் ஆட்சியில் தெலங்கானாவின் தேசமுக்குகளும் தொரைகளும் குடிகளிடம் ஊதியமற்ற கட்டாய உழைப்பைப் பெற்றனர். அதன் பெயர் ‘வெட்டி’. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இச்சொல் கட்டாய உழைப்பைக் குறித்து வந்துள்ளது. இன்றைய தமிழில் அது பயனற்றது என்னும் பொருளுக்குத் தேய்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தெலங்கானாவிலோ பழைய பொருளோடு வாழ்க்கை நடைமுறையாகவே நீடித்தது. எனவே, தமிழ் வாசகர் இப்படத்தின் வெட்டியை இன்றைய தமிழ்ப் பொருளில் கொள்ளலாகாது.

ராமய்யாவின் பயணம்

புதினத்தின் தலைவன் தூக்குமேடைக்கு முந்தைய இரவில் தன் வாழ்வை நினைவுகூர்கிறான். படமோ ராமய்யாவின் வாழ்வைக் கால வரிசையில் வளர்க்கிறது. அவன் விரும்பும் லம்பாடிப் பெண் சந்திரி, தொரையின் இச்சைக்கு உட்பட நேர்கிறது. சினமுற்ற ராமய்யா ஊரை விட்டு வெளியேறி ஐதராபாத்தை அடைகிறான். அங்கே தொழிற்சங்கத் தலைவர் மக்பூலின் வழியே அரசியல் அறிவு பெற்று ஊர் திரும்புகிறான். இந்து உழவனுக்கு முஸ்லிம் தொழிலாளி வழிகாட்டுவது கருதத்தக்கது. போராட்டத்தைச் சமயப் பகையாகச் சுருக்கும் பார்வைக்கு இஃது இடந்தருவதில்லை.

சுத்தால ஹனுமந்து, பண்டி யாதகிரி ஆகியோரின் பாடல்கள் படத்தில் இடம்பெறுகின்றன. யாதகிரியின் பாடலைக் கத்தர் பாடித் தோன்றுகிறார். போராட்டக் களத்தின் வாய்மொழி மரபு இதனால் அடுத்த தலைமுறையைச் சென்றடைந்தது.

1948: முடிவன்று

1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்ததும் நிசாம் ஆட்சி வீழ்ந்தது. படம் இவ்விடத்தில் மங்கலமாக முடிவதில்லை. ஓடிப்போன நிலக்கிழார்கள் காந்தித் தொப்பியணிந்து மீள்கின்றனர்; உழவர் பகிர்ந்துகொண்ட நிலம் மீண்டும் பறிபோகும் நிலைக்கு உள்ளாகிறது; ராமய்யா உயிரிழக்கிறான். ஆட்சி மாற்றமும் நில உறவு மாற்றமும் ஒன்றல்ல என்பதே படத்தின் மையக் கருத்து எனலாம்.

விடுபட்ட குரல்

சந்திரியின் துயரம் ராமய்யாவின் சினத்திற்குக் காரணமாகிறது. அவளுடைய சினம் கதையை நடத்துவதில்லை. வரலாற்றிலோ பாலகுர்த்தியின் சாக்கலி ஐலம்மா, விசுனூர் தேசமுக்கை எதிர்த்துத் தம் விளைச்சலையும் நிலத்தையும் சங்கத்தின் துணையோடு காத்தவர். இப்போராட்டத்தில் பங்கேற்ற பெண்களின் வாய்மொழி வரலாற்றை ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்னும் அமைப்பு 1986இல் ‘மனகு தெலியனி மன சரித்ர’ என்னும் நூலாக வெளியிட்டது. ‘நமக்குத் தெரியாத நம் வரலாறு’ என்னும் அத்தலைப்பில் ‘மா’ இல்லை, ‘மன’ உள்ளது. வரலாற்றிலிருந்து விடுபட்டோர், கேட்போரையும் உட்படுத்திப் பேசுகின்றனர்.

முடிவுரை

‘மா’ என்னும் சொல் ஒடுக்குவோரை விலக்குவதற்கு இன்றியமையாதது. எனினும், போராடியோருள்ளும் சிலரை அது விளிம்பில் நிறுத்துகிறது. ‘மா பூமி’யை 1986ஆம் ஆண்டு நூலோடு இணைத்துப் பயிலும்போதே அதன் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலப்படும். உழவர் போராட்டப் படைப்புகளை ஆராய்வோர், நிலம் யாருடையது என்பதோடு, ‘எங்கள்’ என்று சொல்லும் உரிமை யாருக்குத் தரப்படுகிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.