தண்டும் சில்லும் சேர்ந்து சுழல: ஆப்புக் கீ பற்றிய ஒரு பாடம்

நீரிறைக்கும் எஞ்சினிலோ நெல்லுக் குற்றும் மில்லிலோ ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால், அருகில் நிற்பவர் முதலில் சொல்வது “பெயறிங் போயிட்டுது” என்பதுதான். எஞ்சின் கழற்றப்படுகிறது. புதுப் பெயறிங் வாங்கப்படுகிறது. பயிர் தண்ணீரின்றி நாலைந்து நாள் வாடுகிறது. பூட்டி ஓட்டினால் அதே ‘டக், டக்’. குற்றம் எஞ்சினுக்கு உள்ளே இருக்கவில்லை. பெரிய சில்லைத் தண்டோடு இறுக்கியிருக்கும் விரலளவு இரும்புத் துண்டு ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவே.

எமது வாசகர்களில் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து புறப்பட்டவர்களும், 2009இல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். திரும்பிப் போன இடத்திலோ, இன்னும் இரவல் காணியில் இருக்கும் இடத்திலோ, அவர்களுடைய கையில் இருப்பது அநேகமாகப் பழைய இயந்திரம். ஒன்றில் பாதி விலைக்கு வாங்கியது, அல்லது பல வருடம் மழையில் கிடந்து துருப்பிடித்தது. அத்தகைய இயந்திரத்தில் ஒரு கப்பியை உடைத்துவிட்டால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது கடினம். ஆகவே இந்தச் சிறு துண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே படிப்போம்.

பட்டறைகளில் இதைக் ‘கீ’ என்பார்கள். கதவின் திறப்புக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. வேலையைப் பார்த்தால் இது ஓர் ஆப்பு. மண்வெட்டிப் பிடி ஆடினால் ஆப்பு அடித்து இறுக்குகிறோம் அல்லவா, அதே முறைதான். மாட்டுவண்டியின் கடையாணியோடு இதைக் குழப்ப வேண்டாம். கடையாணி சில்லைக் கழன்று போகாமல் தடுக்கும். ஆனால் சில்லு அச்சின் மேல் தாராளமாகச் சுழலும். கீயின் வேலை நேர் எதிரானது. தண்டு சுழலும்போது சில்லையும் கூடவே சுழலச் செய்வது அது.

தண்டின் மேற்பரப்பில் நீளவாக்கில் ஒரு தவாளிப்பு வெட்டப்பட்டிருக்கும். சில்லின் குடத்துக்கு உள்ளேயும் அதற்கு நேராக ஒரு தவாளிப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து உண்டாகும் துவாரத்தில் கீ இறங்குகிறது. கீயின் அடிப்பக்கமும் தண்டின் தவாளிப்பும் மட்டமானவை. கீயின் மேற்பக்கம் மட்டும் மெதுவாகச் சரிந்திருக்கும்; குடத்தின் தவாளிப்பும் அதே அளவு சரிந்திருக்கும். இந்தச் சரிவு 100க்கு 1. அதாவது 100 மி.மீ. நீளத்துக்கு உயரம் 1 மி.மீ. குறையும். பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் அடிக்கு எட்டிலொரு அங்குலம், அதாவது 96க்கு 1. கண்ணால் பார்த்தால் சரிவு இருப்பதே தெரியாது. இவ்வளவு சிறிதாக இருப்பதால்தான் அடித்து இறுக்கிய கீ தானாக வழுக்கி வெளியே வருவதில்லை.

இந்தத் துண்டு தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 குதிரைவலு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்று, 30 மி.மீ. விட்டமுள்ள தண்டைத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் விளிம்பில் வரும் விசை சுமார் 400 கிலோ பாரத்துக்குச் சமம். 50 கிலோ உரப் பைகள் எட்டு. அதுவும் சராசரிக் கணக்குத்தான். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பிலும் இதைவிடப் பல மடங்கு உதை விழுகிறது. கீ அரைத் தலைமுடி அளவு தளர்ந்தாலும், ஒவ்வொரு உதையும் தவாளிப்பின் ஓரத்தைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

மெதுவாகச் சுழலும் பாரமான சில்லுகளுக்கே ஆப்புக் கீ ஏற்றது. இங்கிலாந்தின் டேர்ஸ்லியில் செய்யப்பட்ட பழைய லிஸ்ரர் எஞ்சின்களையும், அவற்றைப் பார்த்து இந்தியாவின் ராஜ்கோட்டில் செய்யப்பட்டவற்றையும் பலர் அறிவார்கள். அவற்றின் இரு பெரிய சில்லுகளும் தலையுள்ள ஆப்புக் கீயால் இறுக்கப்பட்டவை. மில்களில் பல கப்பிகளைத் தாங்கும் நீண்ட தண்டிலும் இதைக் காணலாம்.

சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் பம்புகளின் கதை வேறு. அவற்றில் தண்டின் நுனியே கூம்பாகக் கடையப்பட்டு, சில்லு நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். அங்கே உள்ள சிறிய பிறை வடிவக் கீ, மின்பொறி சரியான நேரத்தில் விழும்படி சில்லை நேராக வைப்பதற்கு மட்டுமே. அது வெட்டுப்பட்டால் அதற்குரிய கீயையே வாங்கிப் போட வேண்டும். அரத்தால் ராவிய துண்டைச் செருகக் கூடாது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். ஆப்பு ஒரு பக்கத்திலிருந்து நெருக்குவதால் சில்லு சற்று மறுபக்கம் தள்ளப்படுகிறது. குடத்தின் துவாரம் தண்டுக்குப் பெரிதாகத் தேய்ந்திருந்தால் சில்லு மையம் விலகிச் சுழலும். பெரிய கீ போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. லேத் பட்டறையில் குடத்துக்குப் புஷ் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தளர்ச்சியைக் கண்டுபிடித்தல்

எஞ்சினை நிறுத்தி, எண்ணெய்க் குழாயை மூடி, பெல்ற்றைக் கழற்றுங்கள். குடமும் தண்டும் சேரும் இடத்தைத் துடைத்து, இரண்டுக்கும் குறுக்கே வெண்கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். பின்னர் சில்லைச் சிலிண்டரின் அமுக்கத்துக்கு எதிராக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரலைக் குடமும் தண்டும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டால் மிகச் சிறிய அசைவும் தெரியும். கோடு விலகினால் சந்தேகமே வேண்டாம். இன்னொரு அடையாளம், குடத்தின் ஓரத்தில் கசியும் செங்கல் நிறத் தூள். ஒயிலோடு கலந்து செம்பழுப்புக் களி போலவும் இருக்கும். அது வெறும் துரு அல்ல. இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்த மாவு.

கழற்றுதல்

அதிக கப்பிகள் உடைவது இங்கேதான். கப்பியும் பெரிய சில்லும் அநேகமாக வார்ப்பிரும்பு, வளையாது, வெடிக்கும். விளிம்பில் ஒரு போதும் அடிக்காதீர்கள்.

முதலில் பொறுமை. மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து கீயின் இரு முனைகளிலும் காலை மாலை விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். கீக்குத் தலை இருந்தால், தலைக்கும் குடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இரும்பு ஆப்பு ஒன்றை அடியுங்கள். கீ பின்வாங்கும். தலையைக் கம்பியால் நெம்ப வேண்டாம். தலை முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். தலை இல்லாத கீயானால், மெல்லிய முனைப் பக்கத்திலிருந்து, கீயை விட ஒடுங்கிய தட்டைக் கம்பி ஒன்றை வைத்து வெளியே அடிக்கலாம்.

அந்தப் பக்கம் எட்டாவிட்டால் இன்னொரு வழி உண்டு. கீயின் தடித்த முனை வெளியே இருக்கிறது அல்லவா? சில்லை இயந்திரத்தை நோக்கி உட்பக்கமாகச் சிறிது நகர்த்தினால் கீ தானாகவே தளரும். உள்ளே இடம் இருந்தால் மட்டும், குடத்தின் மேல் மரக்கட்டை வைத்து அடியுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் குடத்தை மட்டும் சுற்றிவரச் சமமாகச் சூடாக்கலாம். தடவிய மண்ணெண்ணெயை முதலில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். சூடான குடத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும். கடைசி வழி, கீயின் முனையில் துளையிட்டு அதைக் குடைந்து எடுப்பது. கீ போனால் இன்னொன்று செய்யலாம், சில்லு போனால் அப்படியல்ல.

புதுக் கீ செய்தல்

கீக்கு உகந்தது நடுத்தர உறுதியுள்ள உருக்கு. லொறி வில்லுத்தகடு மிகக் கடினமானது, அரத்துக்கு அடங்காது. அடிபட்டால் வெடிக்கவும் கூடும். கீ தண்டை விடச் சற்று மென்மையாக இருப்பது நல்லது. அப்போது தேய்வது கீயாக இருக்கும்.

மெற்றிக் அளவில் 22 மி.மீ.க்கு மேல் 30 மி.மீ. வரையான தண்டுக்குக் கீயின் அகலம் 8, உயரம் 7 மி.மீ. 38 வரை 10க்கு 8. 44 வரை 12க்கு 8. 50 வரை 14க்கு 9. உயரம் தடித்த முனையில் அளக்கப்படுவது. அங்குல இயந்திரங்களில் தண்டின் விட்டத்தில் காற்பங்கு அகலம் என்பது பொது வழக்கம். ஆனால் உங்கள் இயந்திரத்தின் தவாளிப்பு ஏற்கெனவே யாரோ ராவியதாக இருக்கலாம். அதை அளந்த பின்னரே இரும்பை வெட்டுங்கள். லேத் பட்டறைக்குப் போவதானால் பழைய கீயை மட்டும் கொண்டு போகாமல், முடிந்தால் கப்பியையும் கொண்டு போங்கள். தேய்ந்த கீயைப் பார்த்துச் செய்த புதுக் கீ தேய்ந்த அளவிலேயே வந்து சேரும்.

கையால் செய்வதானால் முதலில் அகலத்தைச் சரிசெய்யுங்கள். கீ தண்டின் தவாளிப்பில் பக்கவாட்டில் ஆடாமல், ஆனால் விரலால் தள்ள வழுக்கிச் செல்ல வேண்டும். பின்னர் அடியை மட்டமாக்குங்கள். கடைசியாகச் சரிவு. தடித்த முனை 7 மி.மீ. என்றால் அதிலிருந்து 70 மி.மீ. தள்ளி 6.3 மி.மீ. இருக்க வேண்டும். முதலில் சற்றுத் தடிப்பாகவே விட்டுவிடுங்கள்.

இனி ஆப்புக் கீயின் அழகான கணக்கு ஒன்று. சில்லைச் சரியான இடத்தில் நிறுத்தி, கீயைக் கையால் தள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கும். குடத்தின் முகம் படும் இடத்தில் கீயின் மேல் ஒரு கீறல் போடுங்கள். அது இன்னும் 20 மி.மீ. உள்ளே போக வேண்டும் என்றால், மேற்பக்கத்தில் ராவ வேண்டியது அதில் நூறில் ஒன்று, 0.2 மி.மீ. மட்டுமே. சாதாரணக் கொப்பித் தாள் இரண்டின் தடிப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். இதை அறியாதவர் அரத்தை நாலு தரம் பலமாக இழுத்துவிட்டு, கீ முழுவதுமாக உள்ளே விழுவதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்.

மேல் முகமும் அடி முகமும் முழு நீளத்துக்கும் படுகின்றனவா என்று பார்க்க நீலச்சாயம் தேவையில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் சிமினிக் கரியை ஒரு துளி ஒயிலில் குழைத்துக் கீயின் மேல் மெல்லியதாகப் பூசி, தள்ளி, எடுத்துப் பாருங்கள். பட்ட இடத்தில் கரி அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் மெதுவாக ராவுங்கள். தடித்த முனையில் மட்டும் பட்டால் உங்கள் சரிவு அளவுக்கு அதிகம். அப்படியே அடித்து விட்டால் சில்லு வாசலில் மட்டும் பிடிபட்டு உள்ளே ஆடும். நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கரி அழியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அரை நாள் எடுக்கலாம். எடுக்கட்டும்.

பின்னர் எல்லாவற்றையும் துடைத்து, ஒயிலை மெல்லியதாகத் தடவி, கையால் நின்ற இடத்திலிருந்து சுத்தியலால் சில மில்லிமீற்றர் அடியுங்கள். சத்தம் மந்தமாக இருந்து, இறுகியதும் கணீரென்று மாறும், கீயும் நகராது. அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் குடம் பிளக்கும். தலையுள்ள கீயானால் தலைக்கும் குடத்துக்கும் நடுவே விரல் தடிப்பு இடைவெளி இருக்க வேண்டும். தலை குடத்தில் முட்டினால் கீ இறுகியதா, வெறுமனே முட்டி நிற்கிறதா என்று அறிய வழியில்லை. பிறகு கழற்றவும் முடியாது. ஒரு மணி நேரம் ஓட்டிய பின் எஞ்சினை நிறுத்தி மீண்டும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

குறுக்கு வழிகள் சில எங்கும் உண்டு. கீயின் மேல் தகரத் துண்டு வைத்து அடிப்பது ஒன்று. அது சில நாளில் நசுங்கி வெளியே வந்துவிடும். கப்பியைத் தண்டோடு வெல்டிங் செய்வது மற்றது, இதுவே மோசமானது. வார்ப்பிரும்பு ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும், தண்டு வளையும், பெயறிங் மாற்ற வேண்டி வந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தவாளிப்பு மிகவும் சிதைந்திருந்தால் தண்டிலும் குடத்திலும் கால் சுற்றுத் தள்ளிப் புதிய தவாளிப்பு வெட்டுவிப்பது செலவுதான், ஆனால் நிலைக்கும்.

கீயின் தலை

வெளியே நீட்டி நிற்கும் கீயின் தலை, எஞ்சின் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. சாரத்தின் நுனி, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதையும் அது பற்றி இழுக்கும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும் சில்லை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. கொட்டிலின் ஒரு பக்கம் எஞ்சினும் மறுபக்கம் அடுப்பும் பிள்ளைகளும் என்று வாழ வேண்டியிருக்கும் குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது. எஞ்சினைத் தாங்கும் சட்டத்தோடு தகர மூடி ஒன்றைப் பொருத்தி, சில்லின் நடுப்பகுதியை மறைத்துவிடுங்கள். ஆட்கள் நடமாடும் பக்கத்தில் தலையில்லாக் கீயைக் குடத்தோடு மட்டமாக இருக்கும்படி போடுவது இன்னும் நல்லது.

இயந்திரத்தைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டு போக நேர்ந்தால், கீயைச் சாக்கு மூலையில் போடாதீர்கள். ஒவ்வொரு கீயும் தன் தவாளிப்புக்கென்றே ராவப்பட்டது, மற்றதற்குப் பொருந்தாது. கிறீஸ் பூசி, துணியில் சுற்றி, அதற்குரிய சில்லின் ஆரக்காலில் கம்பியால் கட்டுங்கள். இரண்டு சில்லுகள் இருந்தால் உளியால் ஒன்றின் குடத்திலும் கீயிலும் ஒரு புள்ளி, மற்றதன் குடத்திலும் கீயிலும் இரண்டு புள்ளி குத்தி வையுங்கள். தண்டின் விட்டம், கீயின் அகலம், இரு முனைகளின் உயரம், நீளம் ஆகியவற்றைக் குடும்ப அட்டை வைக்கும் பையிலேயே ஒரு தாளில் எழுதி வைத்தால், கீ தொலைந்தாலும் எந்த ஊர்ப் பட்டறையிலும் இன்னொன்று செய்விக்கலாம்.