வலுவான மருந்துதான் நல்ல மருந்தா?

கேள்வி: நிமோனியாவுக்கு மருத்துவமனையில் சேர்த்த என் மாமாவுக்கு முதல் நாளே மிக வலுவான ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அதுதானே பாதுகாப்பு?
— வாசகர், ஹைதராபாத்

பதில்: எப்போதும் அல்ல. நிமோனியாவில் தாமதம் உயிருக்கே ஆபத்து. எனவே கிருமி எதுவென்று தெரியும் முன்பே மருந்தைத் தொடங்குவது சரிதான். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதில்தான் சிக்கல்: தேவையின்றி வீரியமான மருந்தைத் தந்தால், கிருமிகள் அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் 59 மருத்துவமனைகளில் ஒரு முயற்சி நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கும் நிமோனியா நோயாளிக்கு மருத்துவர் வீரியமான மருந்தை எழுதும்போது, அந்த நோயாளிக்கு மருந்துக்கு அடங்காத எதிர்ப்புக் கிருமி இருக்கும் வாய்ப்பைக் கணினி கணக்கிடும். அது 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் சாதாரண மருந்தே போதும் என்று திரையில் சொல்லும். 2024இல் வெளியான முடிவின்படி, வீரியமான மருந்துகளின் பயன்பாடு 28 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுக்கு அதனால் பாதிப்பு கூடவில்லை.

இந்தியாவிலோ, 2021-22இல் 20 பெரிய மருத்துவமனைகளில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கில், சுமார் 72 சதவீத நோயாளிகள் ஆன்டிபயாடிக் பெற்றிருந்தனர். பாதிக்கும் மேல் முன்னெச்சரிக்கைக்காகத் தரப்பட்டவை! கவலை தரும் எண் இது.

கிருமிகளில் மருந்து எதிர்ப்பை வளர்க்கும் இன்னொரு சுமையும் ஹைதராபாத்துக்கு உண்டு. நகரை ஒட்டிய பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரில்கூட சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் பெருமளவு இருந்ததை 2007இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டு, மூன்று நாளில் மருத்துவரிடம் கேளுங்கள்: “கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு வந்ததா? மருந்தைக் குறைக்கலாமா?”