சித்திரைக்கு நேர் கீழே

அன்புள்ள கயல்,

கார்த்திகைக் கூட்டத்தில் ஏழு எண்ணிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நல்ல கண் உனக்கு. நான் ஆறோடு நின்றுபோனவன். அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டாயே, ஒமேகா சென்டாரியைப் பார். கார்த்திகையில் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்கள். இதில் ஏறக்குறைய ஒரு கோடி. 17,000 ஒளியாண்டு தொலைவில் பந்தாகத் திரண்டு கிடக்கின்றன.

தாலமி இதை ஒற்றை நட்சத்திரம் என்றே பட்டியலில் சேர்த்தார். நட்சத்திரம் மாதிரி இல்லையே என்று 1677-இல் கவனித்தவர் எட்மண்ட் ஹாலி. அப்போது அவருக்கு 20 வயது. அதற்கு அவர் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது, ஏனென்றால் லண்டனில் இது உதிப்பதே இல்லை. டெல்லியில் உதிக்கும், ஆனால் 14 பாகைக்கு மேல் ஏறாது. உங்கள் மேலூரில் 32 பாகை வரை ஏறும். நீ எந்தக் கப்பலும் ஏற வேண்டாம், நாளும் இடமும் சரியாக இருந்தால் போதும்.

நேரத்தை முதலில் முடித்துவிடுவோம். சித்திரை நட்சத்திரத்தை உனக்குத் தெரியும். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. அது எப்போது உச்சிக்கு வருகிறதோ, கிட்டத்தட்ட அதே நிமிடத்தில் ஒமேகா சென்டாரியும் நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும். சித்திரை மாதம் பிறக்கும்போது அது இரவு பன்னிரண்டேகால் மணி. வைகாசி பிறக்கும்போது பத்தேகால், ஆனி பிறக்கும்போது எட்டேகால். நாளுக்கு 4 நிமிடம் முந்திக்கொண்டே வரும். ஆனியில் மேகமும் காற்றும் படுத்தும், நம்பாதே. விடியற்காலை எழுந்திருக்க முடியுமென்றால் மாசியில் நாலேகால் மணிக்குப் பார்க்கலாம், வானம் அப்போதுதான் துடைத்துவைத்தது போல இருக்கும். உனக்குப் பரீட்சைக் காலம், அம்மா விட மாட்டாள். ஆகவே வைகாசியை வைத்துக்கொள். கோடை மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் கிடைத்தால் விடாதே.

அடுத்தது நிலா. நான் முதன்முதலில் இதைத் தேடிப் போன கதையைக் கேள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரை வந்திருந்தேன். ஊரே விழித்திருக்கும் ராத்திரி, நாமும் விழித்திருப்போம் என்று பைனாகுலரோடு ஊருக்கு வெளியே போனேன். அன்றைக்குச் சித்ரா பௌர்ணமி. முழு நிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வருவதால்தானே அந்தப் பெயரே! நான் தேட வேண்டிய திசைக்கு மேலேயே விளக்கேற்றி வைத்தது போல நின்றது. ஒன்றும் தெரியவில்லை. உன் வீட்டு நாள்காட்டியில் திதி போட்டிருக்கும். தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரை உனக்கான நாட்கள்.

இடம்தான் பெரிய விஷயம். 32 பாகை என்றால் நீட்டிய கையில் மூன்று முட்டி உயரத்துக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. ஆகவே தெற்குப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் மொட்டைமாடி ஆகாது, தெருவிளக்கு நேர் தெற்கே. கண்மாய்க்கரைதான் சரி. ஆனால் தென்னையைக் கவனி. 50 அடித் தென்னைக்கு 80 அடிக்குள் நின்றால் ஓலைதான் தெரியும். பகலிலேயே போய் அடியெடுத்து அளந்துகொள். மதுரையின் வெளிச்சம் உங்களுக்கு மேற்கும் தென்மேற்குமாக எழும்பும். ஒமேகா சென்டாரி உச்சம் தாண்டியதும் அந்தப் பக்கமாகத்தான் சாயும். அதனால் உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடு, நேர் தெற்குக்குச் சற்றுக் கிழக்கே இருக்கும்போதே தேடத் தொடங்கு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, கரையில் பாம்பு உண்டு.

போனதும் அரை மணி நேரம் சும்மா உட்கார். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு சுற்றுச் சுற்றிவிடு.

தெற்கே கீழே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும். ஆல்பா, பீட்டா சென்டாரி. இவற்றில் திரிசங்குவுக்கு, அதாவது தெற்குச் சிலுவை மண்டலத்துக்கு, அருகில் இருப்பது பீட்டா. அதிலிருந்து மேலே எப்சிலான் சென்டாரிக்கு ஒரு கோடு போட்டு, ஏறக்குறைய அதே தூரம் இன்னும் நீட்டு. மங்கலாக, ஊதி அணைத்த திரி போல ஒன்று தெரியும். நேராக முறைத்தால் மறையும், கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால் திரும்ப வரும். மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன.

பைனாகுலரில் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன், படங்களைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோகாதே. உள்ளங்கைக் கோலப்பொடியை ஊதினால் நடுவில் அடர்ந்து ஓரம் கரைகிற ஒரு வெண்படலம் வருமே, அதுதான். தனித்தனி நட்சத்திரம் தெரியாது. அதற்குத் தொலைநோக்கி வேண்டும்.

பைனாகுலரை அடுத்த வாரம் உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். 10 பெருக்கம், கை நடுங்கும், கரைக்கல்லில் முழங்கையை ஊன்றிக்கொள். கழுத்துவார் அறுந்திருக்கிறது, கயிறு கட்டித்தான் மாட்ட வேண்டும்.

அன்புடன்,
மாமா