லினக்ஸில் இசை: ஹைட்ரஜன் டிரம் மெஷினை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பெரும்பாலோர் அதில் பாட்டு கேட்பார்கள். கொஞ்ச நாள் போனதும், நாமே ஒரு தாளம் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றும். கடையில் விற்கும் இசை சாப்ட்வேர்களின் விலையைக் கேட்டால் அந்த ஆசை அடங்கிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஹைட்ரஜன், எல்எம்எம்எஸ், ஆர்டர் என்று நல்ல இசை சாப்ட்வேர்கள் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கின்றன. அதாவது, அவற்றை எழுதிய புரோகிராம் வரிகளையே நீங்கள் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இந்தப் பாடத்தில் ஹைட்ரஜன் என்ற டிரம் மெஷினை அதன் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து இன்ஸ்டால் செய்யப் போகிறோம். இதைத் தொடங்கியவர் அலெஸாண்ட்ரோ கொமினு. ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வருவதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. அளவில் சிறியது என்பதால் முதல் முறை கம்பைல் செய்து பழக ஏற்றது.

கம்பைல் என்றால் என்ன?

புரோகிராமர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய வரிகள். இதுவே சோர்ஸ் கோட். ஹைட்ரஜன் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. பிராசசருக்கு அந்த வரிகள் புரியாது. அவற்றை பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஜிசிசி என்ற கம்பைலர். 1987-ல் முதலில் வெளிவந்த இது இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஹைட்ரஜனின் சோர்ஸ் நூற்றுக்கணக்கான பைல்களாக இருக்கும். எந்த பைலை முதலில் மாற்றுவது, எதை எதோடு சேர்ப்பது என்று நாம் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று இருப்பது மேக் என்ற புரோகிராம். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் எழுதியது. மேக்குக்குத் தேவையான குறிப்புகளை உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி தயாரித்துக் கொடுப்பது சிமேக். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ரெடிமேடாகக் கிடைக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. லினக்ஸ் மின்ட்டில் சாப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஹைட்ரஜன் என்று தேடினால் ஒரே கிளிக்கில் இன்ஸ்டால் ஆகிவிடும். தாளம் மட்டும் போட வேண்டும் என்றால் அதுவே போதும். ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் கம்பைல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, புதிய வெர்ஷன் வந்திருக்கும், ஆனால் உங்கள் டிஸ்ட்ரிபியூஷனில் பழையதுதான் இருக்கும். இரண்டு, சில வசதிகளைச் சேர்க்காமலேயே ரெடிமேடாகக் கட்டியிருப்பார்கள். மூன்று, சில நல்ல இசைக் கருவிகளும் எபெக்டுகளும் சோர்ஸாக மட்டுமே கிடைக்கும். ஆர்டர் விஷயத்தில் நான்காவது காரணமும் உண்டு. அதன் தளத்தில் முழுமையான ரெடிமேட் புரோகிராமுக்குப் பணம் கேட்பார்கள். சோர்ஸ் இலவசம்.

டைப் செய்யும் முன்

இங்கே கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பாகத் தருகிறோம். நீங்கள் டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். அடிக்கடி வரும் சுருக்கங்கள் இவை:

சூடோ: சூப்பர்யூசரின் முதல் இரண்டு எழுத்துகளோடு டூ சேர்ந்தது. நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். இதற்குப் பாஸ்வேர்டு கேட்கும். டைப் செய்யும்போது திரையில் எழுத்துகள் தெரியாது. பயப்படாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

ஆப்ட்-கெட்: ஆப்ட் என்பது அட்வான்ஸ்ட் பேக்கேஜ் டூல் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகள். நடுவில் ஹைபன்.

சிடி: சேஞ்ச் டைரக்டரி. ஒரு போல்டருக்குள் போக.

எம்கேடிர்: மேக் டைரக்டரி. புதிய போல்டர் உண்டாக்க.

சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஸ்பேஸ் விட மறக்காதீர்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் என்டர். பாடம் லினக்ஸ் மின்ட்டை வைத்து எழுதப்பட்டது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றிலும் கட்டளைகள் இவையே.

படி 1: சோர்ஸ் கிடைக்க வழி செய்தல்

மெனுவில் சாப்ட்வேர் சோர்சஸ் என்பதைத் திறங்கள். ஆப்ஷனல் சோர்சஸ் பகுதியில் சோர்ஸ் கோட் ரெபாசிட்டரீஸ் என்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில்:

சூடோ ஆப்ட்-கெட் அப்டேட்

முன்பே ரெடிமேட் ஹைட்ரஜனை இன்ஸ்டால் செய்திருந்தால் அதை முதலில் நீக்கிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் எது ஓடுகிறது என்று குழப்பம் வரும்.

படி 2: கருவிகளும் லைப்ரரிகளும்

சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

சூடோ ஆப்ட்-கெட் பில்ட்-டெப் ஹைட்ரஜன்

முதல் வரி கம்பைலரையும் மேக்கையும் கொண்டுவரும். இரண்டாவது வரியில் டெப் என்பது டிபெண்டென்சி என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஹைட்ரஜன் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. ஜன்னல்களையும் பட்டன்களையும் வரைய கியூடி என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது. ஒலி பைல்களைப் படிக்க லிப்எஸ்என்டிபைல். ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்ப அல்சா, ஜாக், பல்ஸ்ஆடியோ. இப்படி ஒரு பட்டியல். இவற்றில் பல உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் அவை ஓடும் நிலையில் உள்ளவை. கம்பைல் செய்ய அது போதாது. அந்த லைப்ரரியில் என்னென்ன வேலைகள் உண்டு, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் ஹெட்டர் பைல்களும் வேண்டும். இவை தனி பேக்கேஜாக இருக்கும். அதன் பெயரின் கடைசியில் டெவ் என்று வரும். டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம்.

லைப்ரரி இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை என்று சொல்கிறது என்று பலர் திகைப்பது இதனால்தான். பில்ட்-டெப் கட்டளை ஹைட்ரஜனுக்கு வேண்டிய டெவ் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவந்துவிடும். பட்டியல் நீளமாக இருக்கும். ஒய் என்று டைப் செய்து ஒப்புக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் இரண்டு மூன்று ஜிபி இடம் காலியாக வைத்திருப்பது நல்லது.

படி 3: சோர்ஸை எடுத்தல்

எம்கேடிர் இசை

சிடி இசை

ஆப்ட்-கெட் சோர்ஸ் ஹைட்ரஜன்

இசை என்ற போல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் உங்கள் விருப்பப்படி டைப் செய்யுங்கள். மூன்றாவது வரியில் சூடோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் போட்டால் பைல்கள் நிர்வாகியின் பெயரில் வந்துவிடும். பிறகு உங்களால் அவற்றை மாற்ற முடியாது.

இப்போது ஹைட்ரஜன் என்ற பெயரும் வெர்ஷன் எண்ணும் கொண்ட ஒரு போல்டர் வந்திருக்கும். முழுப் பெயரையும் டைப் செய்ய வேண்டாம். சிடி என்று டைப் செய்து ஸ்பேஸ் விட்டு, பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்து டேப் கீயை அழுத்துங்கள். மீதியை டெர்மினலே நிரப்பிக்கொள்ளும். என்டர் தட்டி உள்ளே போங்கள்.

முதல் முறைக்கு டிஸ்ட்ரிபியூஷன் தரும் சோர்ஸையே எடுக்கச் சொல்லக் காரணம் உண்டு. பில்ட்-டெப் கொண்டுவந்த லைப்ரரிகள் இந்த வெர்ஷனுக்கு என்றே பொருத்தப்பட்டவை. புத்தம் புதிய சோர்ஸுக்கு வேறு லைப்ரரி தேவைப்படலாம். கை பழகிய பிறகு அதை முயலலாம்.

படி 4: சிமேக்

எம்கேடிர் பில்ட்

சிடி பில்ட்

சிமேக் என்று டைப் செய்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள்.

இரண்டு புள்ளிகள் என்றால் மேலே உள்ள போல்டர். அதாவது சோர்ஸ் மேலே இருக்கிறது, வேலையை இங்கே செய் என்கிறோம். தனி போல்டரில் செய்வதால் சோர்ஸ் அழுக்காகாது. ஏதாவது குளறுபடி ஆனால் பில்ட் போல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

சிமேக் உங்கள் கம்ப்யூட்டரைச் சோதித்து, கடைசியில் ஒரு சுருக்கப் பட்டியல் காட்டும். எந்த ஒலி முறைகள் சேர்க்கப்படும், எவை சேர்க்கப்படாது என்று அதில் இருக்கும். இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். ஜாக்கும் பல்ஸ்ஆடியோவும் இல்லாமல் கம்பைல் செய்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று பிறகு தேடுவதைவிட இப்போதே பார்ப்பது மேல். ஏதாவது விடுபட்டிருந்தால் அதன் டெவ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, பில்ட் போல்டரை அழித்து, இந்தப் படியை மறுபடி செய்யுங்கள்.

படி 5: மேக்

மேக் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான். திரையில் வரிகள் ஓடும். இடது ஓரத்தில் எவ்வளவு சதவீதம் முடிந்தது என்று தெரியும். பிராசசரில் நான்கு கோர் இருந்தால், மேக் என்பதற்குப் பின் ஸ்பேஸ் விட்டு, ஹைபன், ஜே, 4 என்று சேர்த்து டைப் செய்யலாம். நான்கு பைல்களை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும். மெமரி குறைவான கம்ப்யூட்டரில் இது வேண்டாம்.

நடுவே வார்னிங் என்று வந்தால் கவலைப்படாதீர்கள். வேலை நிற்காது. எரர் என்று வந்தால்தான் நிற்கும்.

எரர் வந்தால்

கடைசி வரியைப் பார்க்காதீர்கள். மேலே போய் முதலில் எரர் என்று வந்த வரியைத் தேடுங்கள். கீழே இருப்பவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

* ஹெச் என்ற எழுத்தில் முடியும் ஒரு பைலின் பெயரும், நோ சச் பைல் என்பதும் வந்தால், ஒரு டெவ் பேக்கேஜ் இல்லை என்று பொருள்.

* அன்டிபைன்ட் ரெபரன்ஸ் என்று வந்தால், எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கட்டத்தில் ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை.

* கில்டு என்று வந்து நின்றால் மெமரி போதவில்லை. மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, ஜே இல்லாமல் வெறும் மேக் கொடுங்கள்.

* பர்மிஷன் டினைடு என்று இன்ஸ்டால் செய்யும்போது வந்தால் சூடோ விட்டுப்போயிருக்கிறது.

எரரைச் சரிசெய்து மறுபடி மேக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்காது. மாறாத பைல்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் செய்யும்.

படி 6: இன்ஸ்டால்

சூடோ மேக் இன்ஸ்டால்

சூடோ எல்டிகான்பிக்

கம்பைல் வேலையில் சூடோ தேவைப்படும் இடம் இது மட்டுமே. பைல்கள் யுஎஸ்ஆர் போல்டருக்குள் உள்ள லோக்கல் என்ற போல்டருக்குப் போகும். டிஸ்ட்ரிபியூஷனின் சொந்த பைல்களோடு கலக்காது. எல்டிகான்பிக் என்பதில் எல், சிடியில் வரும் அதே டி, பிறகு கான்பிக். புதிதாக வந்த லைப்ரரியை லினக்ஸுக்கு இது அறிமுகப்படுத்தும். இதைச் செய்யாவிட்டால், ஷேர்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று ஹைட்ரஜன் மறுக்கக்கூடும்.

இப்படி இன்ஸ்டால் செய்ததை சாப்ட்வேர் மேனேஜரால் நீக்க முடியாது. அதற்குத் தெரியவே தெரியாது. புதிய வெர்ஷன் வந்தாலும் தானாக அப்டேட் ஆகாது. ஆனால் பில்ட் போல்டரில் இன்ஸ்டால் மேனிபெஸ்ட் என்ற டெக்ஸ்ட் பைல் உண்டாகியிருக்கும். எந்தெந்த பைல் எங்கே போனது என்ற முழுப் பட்டியல் அதில் உண்டு. பிற்பாடு நீக்க அதுதான் துணை. எனவே பில்ட் போல்டரை அழிக்காமல் வைத்திருங்கள்.

முதல் தாளம்

டெர்மினலில் ஹைட்ரஜன் என்று டைப் செய்தால் திறக்கும். சத்தம் வராவிட்டால் ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் போய், ஆடியோ சிஸ்டம் பகுதியில் பல்ஸ்ஆடியோ அல்லது அல்சாவைத் தேர்வு செய்யுங்கள்.

பேட்டர்ன் எடிட்டரில் இடதுபுறம் டிரம் வகைகளும் வலதுபுறம் கட்டங்களும் இருக்கும். ரெசொல்யூஷனை 16 ஆக்குங்கள். கிக் டிரம்முக்கு 1, 9 ஆகிய இடங்களில் கிளிக் செய்யுங்கள். ஸ்னேர் டிரம்முக்கு 5, 13. ஹைஹேட்டுக்கு 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்கள் எல்லாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சினிமாப் பாட்டில் கேட்ட தாளம் ஒலிக்கும். பேட்டர்ன் அளவை 4/4-க்குப் பதில் 7/8 என்று மாற்றினால் மிஸ்ர சாபு போல ஏழு எண்ணிக்கையிலும் போட்டுப் பார்க்கலாம். முடித்ததை வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்து நண்பர்களுக்கும் அனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை

சோர்ஸ் என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். சூடோ கொடுத்து இன்ஸ்டால் செய்யும்போது உங்கள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறீர்கள். எனவே டிஸ்ட்ரிபியூஷனிலிருந்தோ, அந்த சாப்ட்வேரின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் சோர்ஸை எடுங்கள்.

இதைக் கற்றுக்கொண்டால் மற்றவையும் எளிது. எல்எம்எம்எஸ் இதே சிமேக் முறைதான். ஆர்டருக்கு சிமேக்குக்குப் பதில் வாப் என்ற கருவி. பழைய சாப்ட்வேர் பலவற்றில் கான்பிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று படிகள் இருக்கும். எதுவானாலும் வரிசை ஒன்றே: தேவையானவற்றைச் சேகரி, சோதி, கம்பைல் செய், இன்ஸ்டால் செய். சோர்ஸோடு வரும் ரீட்மீ பைலை முதலில் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த சாப்ட்வேருக்கு மட்டும் உரிய தனிக் குறிப்புகள் அதில்தான் இருக்கும்.